எழுபத்தெட்டுக்கு முடிந்த சூடு

என் அண்ணன் பிறந்ததிலிருந்து எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. காய்கறியையும் செருப்பையும் மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கையில் பட்டையைக் கட்டிப் பம்பை அமுக்கி, "நூற்றெழுபது" என்று முகத்தைச் சுளித்தால், "ஒரு நூத்தம்பது போட்டுக்குங்க டாக்டர், நாளைக்கும் உங்ககிட்டதானே வரப்போறேன்" என்பார். டாக்டரும் பாவம், நூற்றறுபத்தைந்து என்று எழுதிக் கொடுப்பார்.

எங்கள் அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. முதலில் சொல்லும் விலை வணக்கம் சொல்வது மாதிரி, பதிலுக்குக் கும்பிடு போடலாம், நம்பக் கூடாது என்பார். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நாங்கள் இருவரும் பேசவே கற்றுக்கொண்டோம். நான் அண்ணனைவிடக் கொஞ்சம் தேவலை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். அங்கே எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

மர வியாபாரம் எங்களுடையது. அறுவை ஆலைகளில் மிஞ்சும் துண்டு துணுக்குகளை வாங்கிச் சில்லாக நொறுக்கி, அடுப்பெரிக்க விற்றுக்கொண்டிருந்தோம். பிறகு கடல் தாண்டி ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்தது. அவர்களுக்குச் சும்மா சில்லு வேண்டாம். காற்றுப் புகாத உருளையில் போட்டு, இருநூற்றைம்பது டிகிரிக்குமேல் சூடு காட்டி, கருப்பாக, கையில் அழுத்தினால் பொடியும்படி வர வேண்டும். நிலக்கரிக்குப் பதிலாக எரிப்பார்களாம். அதற்கு அவர்கள் காகிதத்தில் போட்டிருந்த பெயர் 'டாரிஃபைட்'.

அந்தச் சொல்லை எங்கள் ஆலையில் ஒழுங்காகச் சொன்னவள் அண்ணன் மகள் ஒருத்திதான். வெளிநாட்டுக் கடிதங்களை எல்லாம் அவள்தான் பார்ப்பாள். எதிலும் அடி ஆழம் வரை தோண்டாமல் விடமாட்டாள். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"சித்தப்பா, இந்தச் சொல்லுக்கு ஊர் எதுன்னு தேடிப் பாத்தேன்" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். அண்ணனும் பக்கத்தில் இருந்தார். "இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்கியிருக்கான். அவன் லத்தீன்ல இருந்து எடுத்திருக்கான். அங்க 'டாரெரே'ன்னா சூடு காட்டிக் காயவைக்கிறது."

"கை மாறிக் கை மாறி வந்த சரக்கு" என்றார் அண்ணன். "நடுவுல எத்தனை பேரு கமிஷன் அடிச்சானோ."

"சொந்தக்காரங்களையும் பாத்தேம்பா. ரொட்டியை வாட்டுறோமே, டோஸ்ட், அது இதோட கூடப்பிறந்தது. காய்ஞ்ச தரைக்கு அவங்க சொல்ற 'டெர்ரா', அதுவும் இதே வேர்தானாம். தாகத்துக்கு இங்கிலீஷ்ல 'தர்ஸ்ட்', அது ஒண்ணுவிட்ட சித்தப்பா மகன். வேடிக்கை என்னன்னா, பொங்கி வர்ற காட்டாத்துக்கு 'டாரன்ட்'னு பேரு. அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்."

"ஒரே வீட்டுல தாகமும் வெள்ளமுமா? அப்ப சொத்துத் தகராறு நிச்சயம்" என்றார் அண்ணன். மூவரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

உருளையிலிருந்து வந்த சில்லை ஆறவைத்து, பெரிய கிடங்கில் அம்பாரமாகக் கொட்டுவோம். மூன்று ஆள் உயரம் இருக்கும். வறுத்த மரம் சாதுவாகத் தெரியும், ஆனால் உள்ளுக்குள் தானாகவே சூடேறும் குணம் அதற்கு உண்டு. அதனால் இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போனார். அம்பாரத்தின் சூடு எண்பதைத் தாண்டினால் யாரும் மேலே ஏறக் கூடாது, மண்வெட்டி வைக்கக் கூடாது. ஆட்களை வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உள்ளே கனிந்து, சாம்பலாகி, வயிற்றில் பொந்து விழுந்திருக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. மிதித்த ஆள் நேரே உள்ளே போய்விடுவார்.

சூட்டைப் பார்க்கும் வேலை, நாங்கள் 'டிகிரி' என்று கூப்பிடும் ஒருவருடையது. ஐம்பது வயது மனிதர். அம்பாரத்துக்குள் செருகியிருக்கும் நீண்ட இரும்புக் குழாய்களில் கயிறு கட்டிய வெப்பமானியை இறக்கி, கால்மணி நேரம் கழித்துத் தூக்கி, அந்த நொடியிலேயே படிக்க வேண்டும். கீழே கொண்டுவருவதற்குள் இறங்கிவிடும். அதனால் சூடு எவ்வளவு என்பது அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. எங்கள் ஆலையில் டிகிரி வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு கோளாறு இருந்தது. அது கோளாறு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

டிகிரி வேலைக்கு வந்த புதிதில் "ஐம்பத்தைந்து" என்றார். அண்ணன் "நாப்பத்தஞ்சு" என்று பதிவேட்டில் எழுதினார். மறுநாள் டிகிரி பத்தைக் கூட்டிச் சொன்னார். அண்ணன் அதை மோப்பம் பிடித்து இருபதைக் குறைத்தார். டிகிரி இருபதைக் கூட்டினார். ஆறு மாதத்தில் இருவரும் தேர்ந்த ஜோடி ஆகிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு மேசைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று, மாடு பிடிப்பவர்கள் மாதிரி முட்டி மோதி ஒரு சூட்டை முடிப்பார்கள். நான் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். பதிவேட்டில் இருந்தது எல்லாம் முடிந்த விலை. உண்மையான சூடு டிகிரிக்கு மட்டும் தெரியும். எப்படியும் அவர் சொன்னதைவிடக் குறைவாகத்தானே இருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வாரம் மழை பெய்தது. கிடங்குக் கூரையில் ஒரு தகடு விலகி, அம்பாரத்தின் பின்பக்கத்தில் இரண்டு நாள் தண்ணீர் சொட்டியிருக்கிறது. மேலே பொருக்குத் தட்டிவிட்டது. அதை உடைத்துச் சில்லைக் கீழே தள்ளினால்தான் மூட்டை பிடிக்க முடியும். லாரி மத்தியானம் வருகிறது. மூட்டை பிடிக்கும் பெண்கள் ஏழு பேர் மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை டிகிரியின் மனைவி. லீடரம்மா என்போம். அண்ணனையே எதிர்த்துப் பேசும் ஆள்.

டிகிரி உள்ளே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நூத்திப்பத்து முதலாளி."

அண்ணன் பேனாவைத் திறந்தார். "எழுபது."

"முதலாளி, நூத்திப்பத்து."

"பொண்டாட்டி அம்பாரத்துல ஏறணும்னு சொன்னதும் உனக்குச் சூடு ஏறிடுமே! சரி, எழுபத்திரண்டு."

"தொண்ணூத்தஞ்சாவது போடுங்க."

"தொண்ணூத்தஞ்சா? இது என்ன அடுப்பா, அம்பாரமா? எழுபத்தஞ்சு. இதுக்கு மேல பேசினா எனக்குக் கோவம் வரும்."

"எண்பத்திரண்டு, முதலாளி. எனக்கும் ஒரு மனசாட்சி இருக்குல்ல."

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். எழுபத்தெட்டு. முடிஞ்சுது."

டிகிரியின் தலை ஆடியது. பழக்கத்தில் ஆடிய தலை. அண்ணன் எழுபத்தெட்டு என்று எழுதி அடியில் கோடு போட்டார். பெண்கள் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டு டீயை முடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

கை கழுவப் போனேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் டிகிரி நின்றுகொண்டிருந்தார். கையில் டம்ளர். தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது, குடித்த மாதிரி தெரியவில்லை.

"சின்ன முதலாளி" என்றார். "நான் என்ன பண்ணிட்டேன்?"

"என்ன பண்ணீங்க?"

"இன்னைக்கு நான் கூட்டிச் சொல்லல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நூத்திப்பத்தேதானா?"

"கண்ணாடியில நூத்திப்பத்து. பாத்ததும் பயத்துல கூட்டவே மறந்துட்டேன். அவரு எழுபதுன்னதும் நான் பாட்டுக்கு... வாய் தானா இறங்குதுங்க. இறங்கி இறங்கி, தலையையும் ஆட்டிட்டேன். அவ மேல இருக்கா."

எனக்கு நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம். ஒரு வருஷமாக இந்த மனிதர் வாயிலிருந்து ஓர் உண்மை எண் வெளியே வந்ததில்லை. மனைவியை வேலையிலிருந்து காப்பாற்ற இன்னொரு சுற்றுப் பேரமா இது? லாரி போகாவிட்டால் ஆர்டர் போகும். அண்ணன் என்னை உரித்துவிடுவார். அந்த நிலையிலும் என் புத்தி, வியாபாரிப் புத்தி, நூற்றுப்பத்துக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு தொண்ணூறைத் தேடியது.

எண்ணை விட்டுவிட வேண்டும் என்று எப்படியோ தோன்றியது. எண் என்றால் நாங்கள் எல்லாரும் கெட்டுப்போனவர்கள்.

"டிகிரி, எண் வேணாம். குழாயில மூக்கை வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன வாசனை? காயிற வாசனையா, வறுபடுற வாசனையா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வறுத்த வாசனை எப்பவும் இருக்குங்க. முறுகல் வாசனை போன மாசம்கூட ஒரு தடவை வந்துச்சு. இது அது இல்ல." எச்சில் விழுங்கினார். "தீயிற நெடி. பாலைப் பொங்கவிட்டுப் பாத்திரம் அடிப்பிடிச்ச மாதிரி. மேல இருந்து வரல. அடியில இருந்து வருது."

"எந்தக் குழாய்?"

"பின்பக்கம். ஒழுகின இடம்."

எனக்கு வக்கீல் சொன்ன ஒண்ணுவிட்ட சித்தப்பா மகன், அந்தத் தாகம், ஞாபகம் வந்தான். எலும்பு வரை காய்ந்த மரம், இரண்டு நாள் தண்ணீர். அவளை ஓடிப்போய்க் கேட்டேன். இயந்திரக் கம்பெனி கொடுத்த கையேட்டைப் புரட்டி, விரலை வைத்து, ஒரு வரியை வாய்க்குள் படித்தாள். அவள் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன்.

"நனைய விடக் கூடாதுன்னு போட்டிருக்கு சித்தப்பா. நல்லா காய்ஞ்சது தண்ணியை உறிஞ்சும்போதே சூடாகுமாம். அந்தச் சூட்டுல காத்தும் சேர்ந்து உள்ளேயே கனிஞ்சுடுமாம். மேல யாராவது இருக்காங்களா?"

"ஏழு பேரு."

அவள் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். நான் அண்ணனிடம் போனேன்.

"அது முடிஞ்ச பேச்சுடா" என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல். "கோடு போட்டாச்சு. அவன் தலையாட்டினான், நீயும் பாத்த."

"அவர் தலையாட்டினாரு. அம்பாரம் தலையாட்டலைண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேலி பேசுகிறேனா என்று தேடினார். என் முகத்தில் என்ன கண்டாரோ, பேனாவை மூடாமலே எழுந்தார்.

கிடங்கு வாசலில் நின்றோம். ஏழு பெண்களும் மேலே இருந்தார்கள். ஆறு பேர் முன்பக்க ஓரத்தில், ஏணிக்குப் பக்கத்தில். லீடரம்மா மட்டும் பின்பக்கம் தனியாக நின்று பொருக்கை ஓங்கி ஓங்கி உடைத்துக்கொண்டிருந்தாள். கூரைத் தகடு விலகிய இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில், அவள் முழங்காலைச் சுற்றி மெல்லிய ஆவி மாதிரி ஒன்று எழுந்து கலைந்தது. தூசி என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மண்வெட்டி விழும்போதெல்லாம் சத்தம் வித்தியாசமாக இருந்தது. மண்ணில் விழும் சத்தம் இல்லை. பானையைத் தட்டுகிற சத்தம்.

"கத்தாத" என்றார் அண்ணன் என் காதில். அவர் மூச்சு சுட்டது. "கத்தினா ஓடுவாளுங்க. ஓடினா மிதிப்பாளுங்க."

பிறகு, சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். "ஏம்மா, எல்லாரும் அப்படியே நில்லுங்க. மண்வெட்டியைக் கீழ போடுங்க. ஒவ்வொருத்தரா இறங்கணும்."

யாரும் அசையவில்லை. லீடரம்மா இடுப்பில் கையை வைத்தாள். "என்னங்கய்யா, வேலை ஆரம்பிச்சுக் கால்மணி நேரம்கூட ஆகல. அந்தாளு உங்ககிட்ட வந்து மூக்கைச் சிந்தினாரா? காலையில இருந்தே மூஞ்சி சரியில்ல. நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க." மண்வெட்டியை மறுபடி ஓங்கினாள்.

"சூடு நூத்திப்பத்தும்மா" என்றார் அண்ணன்.

மண்வெட்டி பாதியில் நின்றது.

"எவ்வளவுன்னீங்க?"

"நூத்திப்பத்து. உன் புருஷன் சொன்னதுதான்."

"அவரு சொன்னதேவா?"

"அவன் சொன்னதே."

அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு நூற்றுப்பத்து டிகிரி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் என் அண்ணனைத் தெரியும். சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டார் என்றால் உலகத்தில் ஏதோ பெரிதாக உடைந்துவிட்டது என்று அத்தனை பேருக்கும் புரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அழாத, உக்காரு" என்றார் அண்ணன். "உக்காந்தபடியே ஏணிக்கு நகரு. காலை ஊணாத."

ஆறு பேரும் உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து வந்தார்கள். சில்லு சரசரவென்று சரிந்தது. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஏணிதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. ஆறாவது பெண் தரையில் கால் வைத்தபோது, மேலே லீடரம்மா மிகச் சின்னக் குரலில், "ஐயோ" என்றாள்.

வலது கால் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

"அடியில ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "காலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. சுடுது."

"படுத்துக்க" என்று எங்கள் பின்னாலேயே வந்திருந்த டிகிரி கத்தினார். அதற்குள் அவர் சுவரில் சாய்ந்திருந்த நீளமான மூங்கில் ஏணியைத் தோளில் எடுத்து முன்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. மேலே போனதும் குப்புறப் படுத்தார். ஏணியைப் படுக்கையாகப் பொருக்கின்மேல் தள்ளினார், நுனி அவள் கைக்கு எட்டும்வரை.

"கையை வை. கம்பு மேல படு. ஊர்ந்து வா."

"செருப்பு மாட்டிக்கிச்சு."

"செருப்பை விடுடி!"

"புதுச் செருப்பு" என்றாள் அவள். பற்கள் அடித்துக்கொண்டன. தன் வாய் என்ன பேசுகிறதென்று அவளுக்கே தெரிந்திருக்காது. காலை உருவினாள். ஏணியில் கவிழ்ந்தாள். ஒரு படி. இன்னொரு படி. ஏணி நடுவில் வளைந்தது. மூங்கில் கீச்சிட்டது. டிகிரி தன் பக்கத்து நுனியில் மார்பை வைத்து அழுத்திக்கொண்டு, "வா, வா, வா" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்த பிறகுதான் பின்னால் அது விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு ஒலி, அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்துக்கு முன் அவள் நின்ற இடத்தில் ஓர் அறை அளவுக்குப் பள்ளம். உள்ளே சுவர் முழுக்கச் சிவப்பு. காற்று பட்டதும் அந்தச் சிவப்பு வெளுத்தது. அனல் என் இமை மயிரைத் தொட்டது.

இருவரும் உருண்டு வந்து விழுந்தார்கள். இழுத்து வெளியே போட்டோம். நானும் அண்ணனும் கதவைத் தள்ளினோம். தகரக் கதவு ஏற்கெனவே கையைச் சுட்டது. தாழ்ப்பாளைப் போடும்போது உள்ளே ஏதோ பொங்கி எழும் இரைச்சல் கேட்டது. காட்டாறு மாதிரி இருந்தது. போனை முடித்துவிட்டு வந்து நின்ற வக்கீலைப் பார்த்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கருப்புப் பொடி அப்பி, யார் யார் என்று தெரியவில்லை. லீடரம்மாவின் கணுக்காலில் டிகிரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி மண்ணுக்குப் போயிற்று. அவள் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கி வந்த அதிகாரி முதலில் கேட்டது ஒன்றுதான். "உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?"

"இல்ல" என்றார் அண்ணன். "மொத்தம் ஏழு பேரு. ஏழும் வெளிய வந்தாச்சு." சொல்லிவிட்டு, தன் வார்த்தையைத் தானே நம்பாதவர் மாதிரித் திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். ஏழு. அதிகாரி போன பிறகு மறுபடியும் எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. ஐந்தாவது ஆளிடம் விரல் தடுமாறி நின்றது. ஒருத்தி இன்னொருத்தியின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். அண்ணனின் முகம் சாம்பல் நிறமாயிற்று. முதலிலிருந்து தொடங்கினார்.

"ஏழுதாங்கய்யா" என்றாள் லீடரம்மா கரகரத்த குரலில். "குறைச்சிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஒவ்வொருத்தியிடமும் போய்க் குனிந்து, முகத்தைப் பார்த்து, தலையில் கைவைத்து, நான்காவது தடவையாக எண்ணினார்.